கண்ணாடி இல்லாத காமிரா: பழைய கம்பெனிகள் கடந்து வந்த வழி

புசா ரோட்டில் அன்றாடம் போய் வருகிற நம்மில் பலருக்கு, 'புசா' என்பது தில்லிக்குச் சொந்தமான பெயரே அல்ல என்பது நினைவில் இருப்பதில்லை. அது பீகாரில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1905ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டு வந்த பூகம்பத்தில் பெரும் சேதம் அடைந்தது. 1936இல் நிலையத்தைத் தில்லிக்கு மாற்றினார்கள். கட்டடம் அங்கேயே நின்றுவிட்டது; பணியும் பெயரும் இங்கே வந்துவிட்டன. இடம் பெயரும்போது எதை விட்டுவிட்டு வருவது, எதைக் கையோடு கொண்டுவருவது என்ற கேள்வி, ஊரை விட்டு வந்து கரோல்பாக் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் புதியது அல்ல.

இதே கேள்வி உலகத்தின் பெரிய காமிராக் கம்பெனிகளுக்கும் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது. சுமார் அறுபது ஆண்டுகளாக அவர்கள் செய்த காமிராவின் நடுவில் ஒரு சிறு கண்ணாடி இருந்தது. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட வேண்டிய காலம் வந்தது. கண்ணாடியை எடுப்பது எளிது. அந்தக் கண்ணாடிக்காக வடிவமைக்கப்பட்டு, உலகெங்கும் மக்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த கோடிக்கணக்கான லென்சுகளை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அதை ஒவ்வொரு கம்பெனியும் எப்படி அவிழ்த்தது, யார் அவிழ்க்க முடியாமல் நின்றார்கள் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். பள்ளியில் ஒளியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

கண்ணாடிக்கு என்ன வேலை?

எஸ்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் காமிராவை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் வழியாக வரும் ஒளி நேராகப் பிலிமில் போய் விழுவதில்லை. நடுவில் 45 பாகை சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கிறது. அது ஒளியை மேல் நோக்கித் திருப்பி, ஒரு மங்கலான கண்ணாடித் திரையில் விழச் செய்கிறது. அந்தத் திரையில் உள்ள பிம்பம் இட வலம் மாறி இருக்கும். அதற்கு மேலே இருக்கும் ஐங்கோணப் பட்டகம் அதைச் சரி செய்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. காமிராவின் தலையில் கூரைபோல் ஒரு மேடு தெரிகிறதே, அந்தப் பட்டகம் குடியிருக்கும் இடம் அதுதான்.

பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி 'டக்' என்று மேலே எழும்பும். ஷட்டர் திறக்கும். ஒளி பிலிமில் விழும். பிறகு கண்ணாடி கீழே இறங்கும். படம் பதிவாகும் அந்த ஒரு நொடித் துணுக்கில் மட்டும் படம் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இதனால் என்ன நன்மை? படத்தில் என்ன விழப்போகிறதோ அதையே, அதே லென்ஸ் வழியாகவே, கண்ணால் பார்க்கலாம். தொலைவில் உள்ளதை இழுத்துக் காட்டும் லென்ஸைப் போட்டாலும், பூச்சியைப் பெரிதாக்கும் லென்ஸைப் போட்டாலும் பார்வை பிசகாது.

கண்ணாடி வந்தபோதும் ஒரு புரட்சிதான்

இன்று கண்ணாடி போவதைப் பற்றிப் பேசுகிறோம். கண்ணாடி வந்த கதையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனி 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லைக்கா காமிராவில் கண்ணாடி கிடையாது. காட்சியைப் பார்க்கத் தனியாக ஒரு துளை. படம் எடுக்கத் தனியாக லென்ஸ். 35 மில்லிமீட்டர் பிலிமுக்குக் கண்ணாடி வைத்த காமிராவையும் ஜெர்மானியர்களே 1936இல் டிரெஸ்டன் நகரில் செய்தார்கள். அதன் பெயர் கினே எக்சாக்டா. கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க உதவும் ஐங்கோணப் பட்டகம் 1949இல் அதே நகரத்தின் கான்டாக்ஸ் எஸ் காமிராவில் வந்தது.

ஆனால் இதை முழு மூச்சாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். 1952இல் அசாஹி கம்பெனி ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆரைச் செய்தது. 1954இல், படம் எடுத்தவுடன் கண்ணாடி தானே இறங்கும் ஏற்பாட்டையும் சேர்த்தது. அந்த அசாஹிதான் பின்னால் பெண்டாக்ஸ் ஆனது. 1959இல் நிக்கான் கம்பெனியின் 'எஃப்' வந்தது. அதன் பிறகு பத்திரிகைக்காரர்கள், கல்யாணப் போட்டோகிராபர்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் கண்ணாடிக் காமிராவுக்கு மாறினார்கள். பழைய பெருமையில் இருந்த ஜெர்மன் கம்பெனிகள் பின்தங்கின. லைக்கா தன் முதல் எஸ்.எல்.ஆரை 1964இல்தான் கொண்டுவந்தது. சைஸ் ஐக்கான் 1970களின் தொடக்கத்தில் காமிரா செய்வதையே நிறுத்திவிட்டது.

ஆக, ஜப்பானியர்களுக்கு இந்தக் கதையின் முடிவு முன்பே தெரியும். மாற மறுத்தவர்களின் இடத்தைப் பிடித்துத்தான் அவர்கள் பெரியவர்கள் ஆனார்கள். அவர்களே மாற வேண்டிய முறை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

கண்ணாடி ஏன் வேண்டாமல் போனது?

பிலிம் காலத்தில் கண்ணாடி இன்றியமையாதது. பிலிமில் விழும் பிம்பத்தைக் கழுவிய பிறகுதானே பார்க்க முடியும்! பிலிமின் இடத்தில் சென்சார் என்னும் மின்னணுத் தகடு வந்த பிறகு நிலைமை மாறியது. சென்சாரில் விழும் பிம்பத்தை அந்தக் கணமே சிறு திரையில் காட்டலாம். அப்படியானால் ஒளியைத் திருப்பிவிடக் கண்ணாடி எதற்கு?

உடனே கண்ணாடி போய்விடவில்லை. அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. முதன்மைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு குட்டிக் கண்ணாடி, ஒளியின் ஒரு பங்கைக் காமிராவின் அடிப்பாகத்தில் உள்ள ஆட்டோ ஃபோகஸ் கருவிக்கு அனுப்பியது. ஓடும் குதிரையையும் பறக்கும் பறவையையும் தொடர்ந்து தெளிவாகப் பிடிக்க அந்தக் கருவிதான் காரணம். சென்சாரே அந்த வேலையையும் செய்யக் கற்றுக்கொள்ளும் வரை கண்ணாடி நீடித்தது. 2010ஆம் ஆண்டை ஒட்டிச் சென்சாரின் மேலேயே அந்த அளவீட்டுப் புள்ளிகளை வைக்கும் முறை வந்தது. அதோடு கண்ணாடியின் கடைசி வேலையும் போயிற்று.

2008இல் பானசோனிக், ஒலிம்பஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு புதிய முறையை அறிவித்தன. அந்த ஆண்டே பானசோனிக் ஜி1 வந்தது. கண்ணாடியை நீக்கி, ஆனால் லென்ஸை மாற்றிக்கொள்ளும் வசதியை வைத்துக்கொண்ட புதிய வகைக் காமிராக்களின் தொடக்கம் அது. 'மிரர்லெஸ்' என்ற பெயர் பின்னால் நிலைத்தது. 2020ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட மிரர்லெஸ் காமிராக்கள் சுமார் 29 லட்சம். கண்ணாடி வைத்தவை சுமார் 24 லட்சம். முதல் முறையாகப் புதியது பழையதை முந்திய ஆண்டு அது.

மவுண்ட் என்னும் வாக்குறுதி

இனி நம் பாடத்தின் மையத்துக்கு வருவோம். காமிராவின் முகத்தில், லென்ஸைத் திருகிப் பொருத்தும் உலோக வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். அந்த வளையத்தின் முகப்பிலிருந்து பின்னால் உள்ள பிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறாத ஓர் அளவு. இதை நாம் 'வளையத் தூரம்' என்று சொல்லிக்கொள்வோம்.

நிக்கானின் பழைய எஃப் வளையத்துக்கு இது 46.5 மி.மீ. கேனனின் பழைய இ.எஃப். வளையத்துக்கு 44 மி.மீ. நடுவில் கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும் அல்லவா? அதனால்தான் இத்தனை தூரம். கண்ணாடி போன பிறகு அந்த இடம் காலி. நிக்கானின் புதிய இசட் வளையத்துக்குத் தூரம் 16 மி.மீ. கேனனின் புதிய ஆர்.எஃப். வளையத்துக்கு 20 மி.மீ. சோனிக்கு 18 மி.மீ.

தூரம் குறைந்ததால் இரண்டு பயன்கள். ஒன்று, காமிராவின் உடல் மெலிந்தது. மற்றொன்று, லென்ஸின் கடைசிக் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வரலாம். விரிந்த காட்சியைக் காட்டும் லென்சுகளை முன்பெல்லாம் கண்ணாடியில் இடிக்காதபடி சுற்றி வளைத்து வடிவமைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை.

இனி ஒரு சிறு கணக்கு. பழைய நிக்கான் லென்ஸ், தன் பின்னால் 46.5 மி.மீ. தூரத்தில் பிம்பம் விழும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. புதிய காமிராவிலோ 16 மி.மீ.தான் இருக்கிறது. மீதி 30.5 மி.மீ. நீளத்துக்கு உள்ளே ஒன்றுமில்லாத ஒரு குழாயை நடுவில் வைத்தால் போதும். பிம்பம் சரியான இடத்தில் விழும். அடாப்டர் என்று கடையில் கேட்கிறோமே, அதன் சூட்சுமம் இவ்வளவுதான். கழித்தல் கணக்கு!

ஆனால் கழித்தலில் துல்லியம் வேண்டும். குழாய் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நீண்டுவிட்டாலும் தொலைவில் உள்ள மலையும் நிலவும் தெளிவாக விழாது. மில்லிமீட்டரின் நேர்மையைக் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது நமக்கு அடுத்த வீட்டுச் செய்தி. புசா வளாகத்தை ஒட்டியுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம்தான் நம் நாட்டின் மீட்டர், கிலோகிராம், நொடி ஆகிய அளவுகளுக்குக் காப்பாளர். அதன் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்த தமிழர்; சர் சி.வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். ஆய்வுக்கூடம் உள்ள சாலைக்கு இன்று அவர் பெயர்.

கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். லென்ஸின் தூரம் காமிராவின் தூரத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் குழாய் வைக்க முடியும். சிறிதாக இருந்தால் விடை எதிர்மறையாக வரும். எதிர்மறை நீளத்தில் குழாய் செய்ய எந்தப் பட்டறையாலும் ஆகாது. ஒரு பெரிய கம்பெனியின் வாடிக்கையாளர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கேனன்: முன்னமே பட்ட அடி

1987 வரை கேனன் காமிராக்களில் எஃப்.டி. என்ற வளையம் இருந்தது. அதன் தூரம் 42 மி.மீ. அந்த ஆண்டு ஆட்டோ ஃபோகஸுக்காகக் கேனன் தன் வளையத்தை முழுவதுமாக மாற்றியது. புதிய இ.எஃப். வளையத்தின் தூரம் 44 மி.மீ. 42இலிருந்து 44 போக, விடை கழித்தல் இரண்டு. பழைய லென்சுகளைப் புதிய காமிராவில் வெறும் குழாய் வைத்துப் பொருத்த வழியே இல்லாமல் போயிற்று. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து லென்ஸ் வாங்கியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

ஆனால் அந்த உடைப்பில் கேனன் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. புதிய முறையில் ஒவ்வொரு லென்சுக்குள்ளும் தனி மோட்டாரை வைத்தது. காமிராவுக்கும் லென்சுக்கும் இடையே திருகாணி, நெம்புகோல் எதுவும் இல்லை, எல்லாம் மின்தொடர்பு.

முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2018இல், கேனன் மிரர்லெஸுக்கு மாறி ஆர்.எஃப். வளையத்தைக் கொண்டுவந்தபோது இந்த முடிவு கைகொடுத்தது. 44லிருந்து 20 போக 24 மி.மீ. குழாய். மின்தொடர்புகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்தினால் போதும். 1987இல் வாங்கிய இ.எஃப். லென்ஸ்கூடப் புதிய காமிராவில் தானாகவே ஃபோகஸ் செய்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1987இல் அநாதையாக விடப்பட்ட எஃப்.டி. லென்சுகளுக்கும் மறுவாழ்வு வந்தது. 42லிருந்து 20 போக 22. இப்போது விடை நேர்மறை! கையால் ஃபோகஸ் செய்யப் பொறுமை இருந்தால், அந்தப் பழைய லென்சுகள் இன்றைய காமிராவில் அழகாகப் படம் பிடிக்கின்றன.

நிக்கான்: காப்பாற்றிய வாக்கின் விலை

நிக்கான் செய்தது இதற்கு நேர் எதிர். 1959இல் வைத்த எஃப் வளையத்தைப் பிலிம் காலம், ஆட்டோ ஃபோகஸ் காலம், டிஜிட்டல் காலம் மூன்றிலும் மாற்றவே இல்லை. தந்தை வாங்கிய லென்ஸை மகன் போடலாம் என்பது நிக்கான்காரர்களின் பெருமை. 1986இல் ஆட்டோ ஃபோகஸைக் கொண்டுவந்தபோதும் வளையத்தை உடைக்காமல், காமிராவின் உடலுக்குள் மோட்டாரை வைத்து, ஒரு சிறு திருகாணி மூலம் லென்ஸைச் சுழற்றினார்கள். மோட்டார் உள்ள லென்சுகள் பரவலானது பிறகுதான்.

மிரர்லெஸை நிக்கான் முதலில் தயங்கித் தயங்கித் தொட்டது. 2011இல் 'நிக்கான் 1' என்ற பெயரில் வந்த காமிராக்களுக்குச் சென்சார் மிகச் சிறியது. தன் பெரிய காமிராக்களின் விற்பனைக்கு இடைஞ்சல் வராதபடி வைத்த வேலி எனலாம். அந்த வரிசை 2018இல் முடிவுக்கு வந்தது. அதே 2018இல்தான் இசட் வளையத்தோடு முழு அளவுச் சென்சார் கொண்ட காமிராக்களை நிக்கான் இறக்கியது. 2021இல் வந்த இசட்9இல் கண்ணாடி மட்டுமல்ல, இயந்திர ஷட்டரும் இல்லை.

பழைய லென்சுகளுக்காக நிக்கான் 30.5 மி.மீ. கணக்குப்படி எஃப்.டி.இசட். என்ற அடாப்டரையும் உடன் தந்தது. ஆனால் அதற்குள் மோட்டார் இல்லை. ஆகவே திருகாணியால் சுழலும் பழைய ஆட்டோ ஃபோகஸ் லென்சுகளைப் பொருத்தலாம், படம் எடுக்கலாம், ஃபோகஸை மட்டும் கையால்தான் செய்ய வேண்டும். மோட்டார் உள்ள லென்சுகளுக்கு இந்தக் குறை இல்லை.

இங்கே ஒன்று விளங்குகிறது. கேனன் 1987இல் வாக்கை முறித்து வாடிக்கையாளரின் சாபத்தை வாங்கிக்கொண்டது. 2018இல் அதன் பலனை அறுவடை செய்தது. நிக்கான் வாக்கைக் காப்பாற்றியது. அதற்கான செலவை 2018இல் கட்டியது. யார் செய்தது சரி? இரண்டுக்கும் விலை உண்டு. விலை கேட்கும் ஆண்டுதான் வேறு.

மற்றவர்கள் போன வழி

சோனி இந்தத் துறைக்குப் புதியவர். 2006இல் கொனிகா மினோல்டாவின் காமிராத் தொழிலை வாங்கித்தான் உள்ளே வந்தது. காக்க வேண்டிய பழைய பெருமை குறைவு என்பதே அதற்கு வசதியாயிற்று. 2010இல் இ வளையத்தைக் கொண்டுவந்தது. 2011இல் அதன் அடிப்படை விவரங்களைப் பிற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 2013இல் முழு அளவுச் சென்சாரோடு ஏ7 காமிராவை வெளியிட்டது. நிக்கானும் கேனனும் முழு அளவில் வந்து சேர அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஒலிம்பஸ் கதை சற்று வருத்தமானது. 1936 முதல் காமிரா செய்த கம்பெனி. மிரர்லெஸில் முன்னோடிகளில் ஒன்று. இருந்தும் காமிராப் பிரிவில் நஷ்டம் தொடர்ந்தது. 2021 ஜனவரியில் அந்தப் பிரிவு வேறு கைக்கு மாறி, ஓ.எம். டிஜிட்டல் சொலூஷன்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. முதலில் வந்தவன் கடைசிவரை நிற்பான் என்ற உறுதி இல்லை.

பெண்டாக்ஸ் 2012இல் ஒரு விசித்திரமான முயற்சி செய்தது. கே-01 என்ற காமிராவில் கண்ணாடியை எடுத்துவிட்டு, பழைய லென்சுகள் அடாப்டர் இல்லாமலே பொருந்த வேண்டும் என்று பழைய வளையத் தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. விளைவு, உள்ளே வெற்றிடத்தோடு ஒரு தடித்த பெட்டி. கண்ணாடி போனதன் பயன் எதுவும் கிட்டவில்லை. காமிரா நெடுநாள் நிற்கவில்லை. பிறகு பெண்டாக்ஸ் வேறு முடிவுக்கு வந்தது: கண்ணாடிக் காமிராவையே விரும்புகிறவர்களுக்காக அதையே செய்வது என்று. 2021இல்கூடப் புதிய கண்ணாடிக் காமிராவை வெளியிட்டது. 2024இல் பிலிம் காமிரா ஒன்றையே கொண்டுவந்தது. சிறிய கடைக்கு இதுவும் ஒரு பிழைக்கும் வழி.

டிஜிட்டல் காலத்தில் ஃபுஜி பிலிம் கம்பெனிக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் காமிரா வளையம் இருக்கவில்லை. முன்பு நிக்கான் உடல்களை அடிப்படையாக வைத்தே டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். செய்தது. ஆகவே 2012இல் எக்ஸ் வளையத்தோடு நேரே மிரர்லெஸுக்கு வந்தபோது முறிக்க வேண்டிய வாக்கு எதுவும் இருக்கவில்லை. லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் 2018இல் ஒரே வளையத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டன. தனியாகத் தூக்க முடியாத பாரத்தைக் கூட்டாகத் தூக்குவது.

இத்தனை பாடுபட்டும், கம்பெனிகளின் உண்மையான போட்டி ஒன்றோடொன்று அல்ல. 2010ஆம் ஆண்டில் ஜப்பானியக் காமிராத் தொழிற்சங்கக் கணக்கில் வந்த டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. நடுவில் நின்றது நம் சட்டைப்பையில் உள்ள கைபேசி. சிறு காமிராவின் சந்தை ஏறக்குறைய முழுவதும் போயிற்று. மிஞ்சியது, லென்ஸ் மாற்றிப் படம் எடுக்கும் ஆர்வலர்களும் தொழில்காரர்களும்தான். அவர்களையும் இழந்தால் கதை முடிந்தது. அதனால்தான் பழைய லென்ஸ் வைத்திருப்பவரைக் கைவிட முடியாமல் எல்லோரும் அடாப்டர் செய்தார்கள்.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டிலும் இத்துறையில் தொழில்கள் இருந்தன. ஆலப்புழையில் இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த கே. கருணாகரன், ஆர்மோனியத் துருத்தி செய்த கைத்திறனைக் கொண்டு காமிராத் துருத்தி செய்தார்; பிறகு தேக்கு மரமும் பித்தளையும் சேர்த்து முழுக் காமிராவே செய்தார். 'வாகீஸ்வரி' என்ற அந்த ஸ்டூடியோ காமிரா 1940களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தியா முழுவதும் ஸ்டூடியோக்களில் முக்காலியின் மேல் நின்றது. சிறு காமிராக்களும் கலர் பிலிமும் வந்ததும் அதன் காலம் முடிந்தது.

பெரிய கதை நம் உதகையில் நடந்தது. 1960இல் அரசுத் துறையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிம், சினிமாப் பிலிம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் வந்தன. இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பில் பிறக்கும் பொருளுக்குப் பொருத்தமான பெயர். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பே இந்து நகர் ஆயிற்று. நம்மில் எத்தனை பேருடைய பள்ளி நாள் போட்டோக்கள் அந்தப் பிலிமில் பதிந்தவையோ!

இங்கே ஒரு திருத்தம் தேவை. 'டிஜிட்டல் வந்தது, உதகை ஆலை மூடியது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆலை நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது 1990களின் நடுவில். அப்போது டிஜிட்டல் காமிரா நம் ஊர்களில் கண்ணில்கூடப் படவில்லை. இறக்குமதிப் பிலிமின் போட்டியும், கடன் சுமையும் முதலில் சாய்த்தன. டிஜிட்டல் வந்து கதவைச் சாத்தியது. 2014இல் மத்திய அரசு ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, ஆலையை மூடும் முடிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிலிமில் பிறந்த ஃபுஜி, வேதியியல் அறிவை மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் திரைத் தகடுகளுக்கும் கொண்டு போனது. உதகையிலும் வேதியியல் அறிந்த கைகள் இருந்தன. அந்தக் கைகளை அடுத்த வேலைக்குக் கொண்டுசெல்ல ஓர் அடாப்டரை யாரும் செய்து தரவில்லை.

பீரோவில் இருக்கும் லென்ஸ்

கரோல்பாக்கில் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பீரோவில் ஐந்தாறு லென்ஸ். குடும்பத்தின் நகைக்குச் சமமான முதல். இன்று அவர் என்ன செய்யலாம்?

முதலில், எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். உடலை மட்டும் மாற்றி, கம்பெனியின் அடாப்டரோடு பழைய லென்சுகளைப் பல ஆண்டுகள் ஓட்டலாம். இரண்டாவது, லென்சுக்குள் மோட்டார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிக்கானில் 'ஏ.எஃப்.-எஸ்' என்று எழுதியிருந்தால் உண்டு, 'ஏ.எஃப்.-டி' என்றிருந்தால் மோட்டார் இருக்க வாய்ப்பில்லை. ஓடி ஆடும் கல்யாண வேலைக்கு அடாப்டரோடு அது உதவாது. மூன்றாவது, தன் லென்ஸைக் கையோடு கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். ராஜேந்திர பிளேஸில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறினால் சாந்தினி சௌக்; அங்கே கூச்சா சௌத்ரியின் காமிராச் சந்தையில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். நான்காவது, மிரர்லெஸ் காமிராவில் திரை எப்போதும் எரிவதால் பேட்டரி விரைவில் தீரும். முகூர்த்த நேரத்தில் கைவிடாமல் இருக்கக் கூடுதல் பேட்டரிகளின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா விட்டுச் சென்ற பழைய கைஃபோகஸ் லென்ஸ் வீட்டில் இருந்தால் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். அதற்கு இப்போது முன்பைவிட அதிகக் காமிராக்கள் பொருந்துகின்றன.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. 'தமிழ்' என்று எழுதிய தாளைக் கண்ணாடிக்கு முன் பிடியுங்கள். எது மாறியது, எது மாறவில்லை? ஐங்கோணப் பட்டகம் எஸ்.எல்.ஆரில் எதைச் சரி செய்கிறது?

2. பெண்டாக்ஸின் பழைய கே வளையத்தின் தூரம் 45.46 மி.மீ. இந்த லென்ஸைச் சோனி இ வளையக் காமிராவில் (18 மி.மீ.) பொருத்த எவ்வளவு நீளமுள்ள குழாய் தேவை?

3. கேனன் 2012இல் 'எம்' என்ற சிறு மிரர்லெஸ் வரிசையைத் தொடங்கியது. அதன் வளையத் தூரம் 18 மி.மீ. அந்த லென்ஸை 2018இல் வந்த ஆர் காமிராவில் (20 மி.மீ.) வெறும் குழாய் வைத்துப் பொருத்த முடியுமா?

விடைகள்: முதலாவதை வீட்டில் செய்து பாருங்கள். இரண்டாவதற்கு 27.46 மி.மீ. மூன்றாவதற்கு முடியாது, விடை மறுபடியும் கழித்தல் இரண்டு. 1987இல் எந்தக் கணக்கில் வாடிக்கையாளர்கள் மாட்டினார்களோ, அதே கணக்கில் அதே கம்பெனியின் 'எம்' வாடிக்கையாளர்களும் மாட்டிக்கொண்டார்கள். பெரியவர்களும் பழைய பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால் அதிகம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.